ஹெவி லைசென்ஸ் டெஸ்ட்: காலி வண்டியில் என்னதான் பார்க்கிறார்கள்?

குட்டியானை ஓட்டி
எல்லாருக்கும் வணக்கம். திருச்செங்கோடு பக்கம் டாடா ஏஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கார் லைசென்ஸ் வாங்கிச் சில வருடம் ஆகிறது. மாமா லாரியில் ஏறச் சொல்லி விடாமல் கேட்கிறார், அதனால் ஹெவிக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போட்டு டிரைவிங் ஸ்கூலிலும் சேர்ந்துவிட்டேன். காலையில் அரை மணி நேரம் ஒரு பழைய லேலண்டைக் கொடுக்கிறார்கள். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஸ்டியரிங்கைப் பிடி, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்" என்கிறார். எனக்கு அந்த மிச்சம்தான் தெரிய வேண்டும்.

அடுத்த மாதம் டெஸ்ட். பயம் மூன்று விஷயத்தில்: ரிவர்ஸ், மேட்டில் நிறுத்தி எடுப்பது, குறுகலான இடது திருப்பம். போய் வந்த நண்பன் ஒருவன், "மைதானத்தில் நேராக ஓட்டிக் காட்டினால் போதும், பாக்கியை ஸ்கூல்காரர் பேசிக்குவார்" என்கிறான். நம்பலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆறாவது கியர்
நண்பர் சொன்னது பல இடத்தில் உண்மைதான், மறைக்க என்ன இருக்கிறது. காலி வண்டி, காலி மைதானம், முதல் கியர், இரண்டாம் கியர், ஒரு வட்டம், இறங்கு. டென்ஷன் ஆகாதீர்கள்.

ஓய்வு மாஸ்டர்
தம்பி, மேலே சொன்னதை நம்பிப் போய்விடாதீர்கள். எந்த ஆபீசில் எந்த இன்ஸ்பெக்டர் இருப்பார் என்பது அன்றைக்குக் காலையில்தான் தெரியும். சிலர் மைதானத்தோடு விடுவார்கள். சிலர் கேபினில் ஏறி உட்கார்ந்து, "மெயின் ரோட்டுக்கு விடுப்பா" என்பார்கள். அங்கே பேச ஸ்கூல்காரர் இருக்க மாட்டார்.

சட்டத்தில் என்ன கேட்கிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-வது விதி இருக்கிறது. டெஸ்டில் என்னென்ன செய்து காட்ட வேண்டும் என்று அதில் வரிசையாக எழுதியிருக்கிறார்கள். முதலாவது என்ன தெரியுமா? கண்ணாடியைச் சரிசெய்வது. இரண்டாவது, இன்ஜினைப் போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியதைப் பார்ப்பது. ஓட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். நம் ஆட்கள் ஏறியதும் சாவியைத் திருகி, ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிட்டு, அதுதான் ஓட்டம் என்று நினைக்கிறார்கள். மார்க் போய்விட்டதே தெரியாது.

கண்ணாடி விஷயம் லாரியில் காரைப் போல இல்லை. முதலில் சீட்டை உங்கள் காலுக்குத் தகுந்தபடி வைக்க வேண்டும், அப்புறம்தான் கண்ணாடி. வலது பக்கத்தை நீங்களே திருப்பிக்கொள்ளலாம். இடது கண்ணாடிக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டாது. உங்களுக்கு முன்னால் ஓட்டிய பையன் ஆறடி இருந்தால், அவன் வைத்த கண்ணாடியில் உங்களுக்கு வானம்தான் தெரியும். அதனால் ஏறுவதற்கு முன்பே ஒரு ஆளை நிறுத்தித் திருப்பச் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் சீட்டில் உட்கார்ந்து பார்த்து, இறங்கிப் போய்த் திருப்பி, மறுபடி ஏறிப் பாருங்கள். இன்ஸ்பெக்டர் காத்திருப்பார், கோபப்பட மாட்டார். பின்சக்கரமும் அதன் ஓரத்துத் தரையும் தெரிய வேண்டும். பாடியின் பக்கவாட்டு ஒரு கீற்று தெரிந்தால் போதும்.

அடுத்தது வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவது. இதை ஒப்புக்குச் செய்கிறவர்களை அனுபவப்பட்ட இன்ஸ்பெக்டர் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். பின்னால் ஜோடி டயரில் உள் டயர் இறங்கியிருந்தாலும் வெளி டயர் தாங்கிக்கொண்டு நிற்கும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதற்குத்தான் கம்பியால் தட்டிப் பார்ப்பது. காற்று உள்ள டயர் கம்பியைத் துள்ளித் திருப்பும். இறங்கிய டயர் மொத்தென்று வாங்கிக்கொள்ளும். இரண்டையும் ஒரு தடவை கையால் உணர்ந்துவிட்டால் மறக்காது. உங்கள் ஸ்கூல் வண்டியில் நாளைக்கே தட்டிப் பாருங்கள்.

குட்டியானை ஓட்டி
மாஸ்டர், மிக்க நன்றி. ஏர் பிரேக்கில் என்ன பார்க்க வேண்டும்? எங்கள் மாஸ்டர் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

ஓய்வு மாஸ்டர்
ஸ்டார்ட் பண்ணியதும் பஸ்ஸர் அலறும், சிவப்பு விளக்கு எரியும். டேங்கில் காற்று போதவில்லை என்று அர்த்தம். ஏர் ஏற ஏற அது அடங்கும். அடங்கிய உடனே கிளம்பிவிடாதீர்கள். முள் ஏழெட்டு பார் பக்கம் போகும்போது அடியில் 'புஸ்' என்று காற்று விடும் சத்தம் கேட்கும். அதுவரை பொறுங்கள். பிறகு பிரேக்கை நாலைந்து முறை மிதித்து, முள் எவ்வளவு இறங்குகிறது, மறுபடி ஏறுகிறதா என்று பாருங்கள். பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்கும்போது முள் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் எங்கோ லீக்.

இன்ஸ்பெக்டர் வாய்மொழியாகக் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று: "ஏர் முழுக்கப் போய்விட்டால் வண்டி ஓடுமா, நிற்குமா?" ஸ்பிரிங் பிரேக் உள்ள வண்டியில் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து வைத்திருப்பது ஸ்பிரிங். காற்றுதான் அந்த ஸ்பிரிங்கை அமுக்கிச் சக்கரத்தை விடுவிக்கிறது. காற்று இல்லையென்றால் ஸ்பிரிங் விரிந்து பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி நகராது. "பிரேக் பிடிக்காது சார்" என்று பதில் சொல்கிற பையன்கள்தான் அதிகம்.

கணவாய்க்காரன்
தருமபுரி ஆள் நான். 15-வது விதியில் இன்னொன்று இருக்கிறது, மாஸ்டர் விட்டுவிட்டார். இறக்கத்தில் கியரை வேகமாகக் குறைத்துக் காட்ட வேண்டும். மைதானத்தில் இறக்கம் ஏது, அதனால் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. விளைவை எங்கள் தொப்பூர் கணவாயில் பார்க்கலாம். சேலம் பக்கம் இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுகிறார்கள். போலீஸ் போர்டு வைத்தும், மைக்கில் கத்தியும் பார்த்துவிட்டது.

நியூட்ரலில் விட்டால் என்ன ஆகிறது என்பதை டெஸ்டுக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். இன்ஜின் பிடிப்பு போய்விடும். எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) இருந்தும் பயன் இல்லை, அது கியரில் இருந்தால்தான் வேலை செய்யும். மொத்த எடையும் பிரேக் மேலேயே வருகிறது. மிதித்துக்கொண்டே போனால் டிரம் காய்ந்து லைனிங் வழுக்க ஆரம்பிக்கும். கூடவே, இன்ஜின் ஐட்லிங்கில் இருப்பதால் டேங்கில் காற்று ஏற்றும் கம்பிரசரும் மெதுவாகச் சுற்றும். மிதிக்க மிதிக்கக் காற்று குறையும், அந்த வேகத்துக்கு ஏறாது. லோடு வண்டி ஓடிவரும்போது மறுபடி கியர் போடலாம் என்றால் விழவே விழாது. மேட்டை எந்தக் கியரில் ஏறுவோமோ, அதே கியரிலோ அதற்கும் கீழோ இறங்க வேண்டும். அதையும் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

ஆறாவது கியர்
எல்லாம் சரி அண்ணா, ஆனால் கேட்டவர் டெஸ்டைப் பற்றிக் கேட்டார், கணவாயைப் பற்றி இல்லை.

கணவாய்க்காரன்
அவர் மாமா லாரி திருச்செங்கோட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்குமா என்ன? லைசென்ஸ் வாங்கின வாரமே பெங்களூர் லைன் கிடைத்தால் திரும்பி வரும்போது தொப்பூர்தான்.

குட்டியானை ஓட்டி
சண்டை வேண்டாம் அண்ணன்மாரே, இரண்டும் எனக்கு வேண்டியதுதான். இடது திருப்பத்துக்கு வாருங்கள். எங்கள் மாஸ்டர், "முதல்ல வலது பக்கம் நல்லா ஒதுக்கி, அப்புறம் இடது பக்கம் வெட்டு" என்கிறார். அப்படிச் செய்தால் பின்சக்கரம் மூலைக்கல்லில் ஏறாமல் வருகிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் இடது பக்கம் ஒரு பைக் உள்ளே புகுந்துவிடுகிறது.

சங்ககிரி மேடு
உங்கள் மாஸ்டர் சொல்வதுதான் சரி. இந்த ஊர் ரோட்டில் வலது ஒதுக்காமல் டாரஸ் மாதிரிப் பெரிய லாரியைத் திருப்பிக் காட்டட்டும் பார்ப்போம். நான் இருபது டன் ஏற்றிக்கொண்டு குமாரபாளையத்துச் சந்துக்குள் போகிறவன்.

ஓய்வு மாஸ்டர்
சங்ககிரியாரே, சந்துக்குள் நீங்கள் போவதில் சந்தேகம் இல்லை. உங்களுக்கு இடது பக்கம் பார்க்கக் கிளீனர் இருக்கிறார். தலையை வெளியே நீட்டி "ஏய் பைக்கு, நில்லு" என்று கத்துவார். டெஸ்டில் அந்த சீட்டில் உட்கார்ந்திருப்பது இன்ஸ்பெக்டர். அவர் கத்த மாட்டார், எழுதுவார்.

தம்பி, லாரி ஏன் உள்ளே வெட்டுகிறது என்று புரிந்தால் திருப்பம் தானாக வரும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே பதினாலு பதினைந்து அடி இருக்கிறது. திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாகக் குறுக்கே வரும். அதற்கு இடம் விட வேண்டும். வலது பக்கம் ஒதுங்கினால் இடம் கிடைக்கும், ஆனால் இடது பக்கம் ஒரு கதவு திறந்த மாதிரி ஆகிவிடும். பின்னால் வருகிறவன் நீங்கள் வலது பக்கம் போகிறீர்கள் என்று நினைத்து உள்ளே நுழைவான்.

அதற்குப் பதில், சந்திப்புக்கு வரும்வரை இடது ஓரத்தோடு கொஞ்சம் இடைவெளி விட்டு நேராக வாருங்கள். இண்டிகேட்டரை முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். மூலை வந்ததும் திருப்பாதீர்கள். இன்னும் உள்ளே போங்கள். மூக்கு இல்லாத கேபினில் நீங்கள் உட்கார்ந்திருப்பது முன்சக்கரத்துக்கும் முன்னால், உங்கள் உடம்பு மூலையைத் தாண்டியும் சக்கரம் தாண்டியிருக்காது. "ஐயோ, எதிர்ப்பக்கம் இடித்துவிடும் போலிருக்கே" என்று மனசு பதறும். அந்த இடத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்புங்கள். திருப்பும்போது கண் இடது கண்ணாடியில் இருக்கட்டும். பின்சக்கரம் மூலைக்கல்லை ஒரு முழம் தள்ளி உரசாமல் வருவதை அதிலேயே பார்க்கலாம். பாக்கி இடத்தைப் புது ரோட்டில் எடுத்துக்கொள்கிறீர்கள், பழைய ரோட்டில் அல்ல. வேகம் நடை வேகம்தான்.

வலது திருப்பத்தில் ஆபத்து வேறு மாதிரி. பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாடியின் வால் இடது பக்கம் வீசும். ஓரமாக நிறுத்தியிருக்கும் பைக்குகளை வரிசையாகச் சாய்ப்பது அந்த வால்தான்.

சங்ககிரி மேடு
மாஸ்டர் சொல்லும் முறை ரோடு அகலமாக இருந்தால் நடக்கும். சந்தில் நடக்காது. ஆனால் டெஸ்டுக்கு அதுதான் நல்லது, ஒத்துக்கொள்கிறேன்.

லாரி வீட்டுப் பெண்
நாமக்கல். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வண்டி. டிரைவர்களின் பேப்பர் பார்ப்பது என் வேலை, அதனால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். ஓட்டம் நன்றாக வந்தும் பேப்பரால் திரும்பி வருகிறவர்கள் நிறைய.

கனரக வாகனத்துக்கு இருபது வயது ஆகியிருக்க வேண்டும். எல்.எம்.வி. (கார் போன்ற இலகு ரக வண்டி) லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தால்தான் எல்.எல்.ஆரே போட முடியும். டாக்டர் கையெழுத்தோடு 1-ஏ படிவம் வேண்டும். எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் ஆகாமல் டெஸ்ட் கிடையாது, ஆறு மாதம் தாண்டினால் எல்.எல்.ஆர். காலாவதி. டிரைவிங் ஸ்கூல் தரும் 5-ம் படிவம் இதற்குக் கட்டாயம். அந்தப் படிவத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது: 30 நாள் பயிற்சி, அதில் 15 மணி நேரம் கையில் ஸ்டியரிங். உங்களுடைய அரை மணி நேரம் அங்கிருந்து வந்ததுதான். பத்து நிமிடத்தில் இறக்கிவிட்டால் பாக்கியைக் கேட்டு வாங்குங்கள். காசு கொடுத்திருக்கிறீர்கள்.

தேறாவிட்டால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறையும் போய்விட்டால் 60 நாள் காத்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதற்குள் ஸ்கூலில் மறுபயிற்சியும் எடுத்திருக்க வேண்டும்.

கிளீனர் தம்பி
அக்கா, நான் ஏழாவதோடு நின்றுவிட்டேன். எட்டாவது பாஸ் இல்லாமல் ஹெவி தர மாட்டார்கள் என்று எங்கள் டிரைவர் சொல்கிறார். உண்மையா?

லாரி வீட்டுப் பெண்
அது பழைய கதை தம்பி. அந்த விதியை 2019-ல் எடுத்துவிட்டார்கள். படிப்பு தடை இல்லை. ஆனால் சாலைக் குறியீடுகளைப் படித்துவிட்டுப் போங்கள். படம்தானே, எழுத்து வேண்டாம். முதலில் எல்.எம்.வி. எடுத்து ஒரு வருடம் ஆக வேண்டும், அதை இப்போதே தொடங்குங்கள்.

ஆறாவது கியர்
குட்டியானைக்காரருக்கு ஒரு கேள்வி. ஏஸ் ஓட்ட பேட்ஜ் (வாடகை வண்டி ஓட்டத் தனி அனுமதி) வைத்திருந்தீர்களா?

குட்டியானை ஓட்டி
இல்லை அண்ணா. தேவையில்லை என்றார்கள்.

லாரி வீட்டுப் பெண்
சரியாகத்தான் சொன்னார்கள். மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்சிலேயே ஓட்டலாம் என்று 2017-ல் ஒரு தீர்ப்பு வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் அதை எதிர்த்துப் போராடிப் பார்த்தன. 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்துவிட்டது. அதற்கு மேல் ஒரு கிலோ கூடினாலும் டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் வேண்டும். எல்.எல்.ஆர். காலத்தில் மாமா லாரியில் கை வைக்க நினைத்தால், முன்னும் பின்னும் 'எல்' போர்டு, பக்கத்தில் முறையான லைசென்ஸ் உள்ள ஆள். மாமா தூங்கிக்கொண்டு வந்தால் அது கணக்கில் வராது.

குட்டியானை ஓட்டி
மாமா தூங்க மாட்டார், திட்டிக்கொண்டேதான் வருவார். ரிவர்ஸும் மேடும் பாக்கி இருக்கிறது மாஸ்டர்.

ஓய்வு மாஸ்டர்
மேடு சுலபம். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக். காலி வண்டியை இரண்டாவது கியரிலேயே எடுக்கலாம், முதல் கியர் லோடுக்கு. ஆனால் பயமாக இருந்தால் முதல் கியரே போடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கிளட்ச்சை மெதுவாக விடுங்கள், இன்ஜின் சத்தம் மாறி கேபின் லேசாக முன்பக்கம் தூக்கும். அந்தத் தூக்கல் வந்த பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். ஓரடி பின்னால் உருண்டாலும் அதோடு முடிந்தது. விதியில் "பின்னால் உருளாமல்" என்றே இருக்கிறது.

ரிவர்ஸில் உங்களைப் போல் சின்ன வண்டி ஓட்டியவர்கள் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பார்கள். லாரியில் பின்னால் தெரிவது பாடியின் பலகைதான். லாரியில் வளர்ந்த பையன்களோ கிளீனர் பாடியைத் தட்டும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தே பழகியிருப்பார்கள். டெஸ்டில் தட்ட யாரும் இல்லை, இரண்டு கண்ணாடிதான். நேர் ரிவர்ஸில் இரண்டு கண்ணாடியிலும் மாறி மாறிப் பாருங்கள். எந்தக் கண்ணாடியில் பாடி பெரிதாகத் தெரிய ஆரம்பிக்கிறதோ, வால் அந்தப் பக்கம் போகிறது. அதற்கு எதிர்ப்பக்கமாக ஸ்டியரிங்கைக் கொஞ்சமாகத் திருப்புங்கள். கால் சுற்று போதும். அரைச் சுற்று திருப்பினால் அதைத் திருத்த இன்னொரு அரைச் சுற்று, வண்டி பாம்பாகிவிடும். ஆக்சிலேட்டர் தொடவே வேண்டாம், கிளட்ச்சிலேயே நகரும்.

சந்தேகம் வந்தால் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கி, பின்னால் போய்ப் பார்த்துவிட்டு ஏறுங்கள். இதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கும் பையன்கள்தான் கம்பத்தை இடிக்கிறார்கள்.

கணவாய்க்காரன்
இதெல்லாம் ஸ்கூலில் கிடைக்காது என்று தோன்றினால், பெரிய பயிற்சி மையங்களையும் யோசித்துப் பாருங்கள். நாமக்கல்லில் அசோக் லேலண்ட் பயிற்சி மையம் இருக்கிறது, கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. 2021 ஜூலையிலிருந்து அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையம் என்று ஒரு வகையும் வந்திருக்கிறது. கனரகத்துக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரம், முடித்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் தனியாக ஓட்டிக்காட்ட வேண்டியதில்லை. சேருவதற்கு முன்னால் அந்த மையத்துக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பெயரில் 'பயிற்சி மையம்' என்று இருந்தால் போதாது.

ஆறாவது கியர்
38 மணி நேரம் உட்கார்ந்தால் அந்த வாரங்களுக்கு வாடகை யார் தருவார்கள்? சொல்வது எளிது.

கணவாய்க்காரன்
அதுவும் நியாயம்தான். ஏஸை நிறுத்திவிட்டு அவரால் போக முடியாது.

குட்டியானை ஓட்டி
நிலவரம் சொல்கிறேன். இன்றைக்கு ஆபீசுக்குப் போனேன். கண்ணாடி, டயர் தட்டல், எல்லாம் தயாராக இருந்தேன். ஆனால் ஸ்கூல் லேலண்டுக்கு எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) தேதி முடிந்துவிட்டது என்று இன்ஸ்பெக்டர் வண்டியைத் தொடவே விடவில்லை. வந்த எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புதுத் தேதி எடுக்க வேண்டும்.

லாரி வீட்டுப் பெண்
அட! வண்டியின் எஃப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றையும் முந்தின நாளே ஸ்கூலில் கேட்டு போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் எல்.எல்.ஆர். எந்தத் தேதியில் முடிகிறது என்று முதலில் பாருங்கள். புதுத் தேதி அதற்குள் இருக்க வேண்டும்.

குட்டியானை ஓட்டி
பார்த்துவிட்டேன் அக்கா, நேரம் இருக்கிறது. எஃப்.சி. புதுப்பிக்கும் வரை வேறு ஸ்கூலில் வண்டி வாங்கித் தருகிறார்களாம், டாடா. நாளைக்குக் காலையில் போய் ஓட்டிப் பார்க்கிறேன்.

ஓய்வு மாஸ்டர்
டாடாவில் ரிவர்ஸ் கியர் எந்தப் பக்கம் விழுகிறது என்று முதலில் பாருங்கள். லேலண்டுக் கை அங்கே தடுமாறும்.